சிதம்பரம்னா யாருக்கும் தெரியாது

கடலூரில் லேடி டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சவரிமேரி சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கேதான் தெரிந்த முகம் எதுவும் இருக்காது.

இருமினால் போச்சு. தும்மினால் போச்சு. வாய்விட்டுச் சிரித்தால் சேலையே நனைந்துவிடுகிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டுத் திரும்பியவள் திகைத்து நின்றாள். பெஞ்சில், கடலூரில் அவள் தெருவிலேயே இருக்கும் ராஜாமணி. பக்கத்தில் அவள் மருமகள் எழிலரசி.

"சவரிக்கா! நீ எங்க இங்க?"

"தெரிஞ்ச பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்கு. பாக்க வந்தேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "நீங்க?"

"எல்லாம் இவளாலதான்!" ராஜாமணியின் குரல் வாசல்வரை போயிற்று. "பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதுக்கே கர்ப்பப்பை எறங்கிப் போச்சாம். நாங்க அஞ்சு பெத்துட்டு அடுத்த வாரமே குடம் தூக்கலையா?"

பெஞ்சே திரும்பி எழிலரசியைப் பார்த்தது. ஒருத்தி உச்சுக் கொட்டினாள். எழிலரசி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மெதுவாப் பேசு ராஜாமணி. பாவம், சின்னப் புள்ள."

"என்னா பாவம்? எப்பப் பாரு ஸ்கூட்டியில பறந்தா எறங்காம என்னா செய்யும்?"

இவள் மாமியாரா, மைக் செட்டா? சவரிமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழிலரசி!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். மாமியாரும் மருமகளும் உள்ளே போனார்கள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த சவரிமேரியின் காதில் டாக்டரின் குரல் விழுந்தது.

"எறங்கினதைக் கையால உள்ள தள்ளிக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டினீங்களா ராஜாமணியம்மா? இதுல டோக்கன் மருமக பேர்ல!"

"வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு வரவே மாட்டேன்னுட்டாங்க டாக்டர்" என்றது எழிலரசியின் குரல். "என் பேர்லயே போவலாம், யாராவது கேட்டா என்னைத் திட்டிடுங்க அத்தைன்னு நான்தான் சொன்னேன்."

சவரிமேரிக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியுமே! பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் வெளியே வந்ததும் நர்ஸின் குரல் வந்தது.

"சவரிமேரி!"

சவரிமேரி சுவரைப் பார்த்தாள்.

"யாரும்மா சவரிமேரி? வரலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல எழுந்தாள். டாக்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

வாசலை எட்டுவதற்குள் ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

"நான்தான் சிஸ்டர்" என்றாள் எழிலரசி.

"இப்பத்தான எழிலரசின்னு உள்ள போனீங்க?"

"அது வேற டோக்கன், இது வேற. பெரிம்மா, நீங்க துணைக்கு வாங்க."

பெஞ்சு முழுக்க வாயைப் பிளந்தது. ராஜாமணி சவரிமேரியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னைவிடப் பெரிதாகக் குரலைத் தூக்கினாள்.

"பாத்தீங்களாம்மா... இவ ஒருத்திக்கு எத்தன வியாதின்னு!"