ஸ்பீக்கர்ல போடுட்டி!

“ஏட்டி செல்லபாய், போன காதுல இருந்து எடு! மூளை வெந்துரும்!”

தங்கையன் போட்ட சத்தத்தில் செல்லபாய் கழுவிக்கொண்டிருந்த மீன் கை நழுவிச் சட்டியில் விழுந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்த போன் மட்டும் அசையவில்லை. துபாயிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது. சும்மா சொல்லக்கூடாது, அதுவும் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்தான் உழைத்தது.

“அக்கா, ஒரு நிமிஷம். இவிய என்னமோ சொல்லுதாவ,” என்று போனில் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். “இப்ப என்ன வேணும் உங்களுக்கு?”

“யாருகிட்ட பேசுத?”

“மண்டைக்காட்டு அக்காகிட்டயாக்கும்.”

“நேத்தும் அவகிட்ட ஒரு மணிக்கூர் பேசுனல்லா? போன்ல இருந்து கதிர் வருதுட்டி! ஒவ்வொரு போன்லயும் அது எவ்வளவுன்னு பாக்கலாமாம். ஒண்ணு புள்ளி ஆறுக்கு மேல போகப்படாதுன்னு கவர்மென்டே சொல்லியாச்சு.”

“நம்ம போன்ல எவ்வளவு?”

“அது... அதவிடக் கொறச்சல்தான். இருந்தாலும் காதோட ஒட்டிப் பேசப்படாது. டவர் கொறஞ்ச இடத்துல போன் கூடுதலா மூச்சுப் பிடிச்சு, கதிரையும் கூடுதலா விடுமாம். நம்ம அடுக்களையில டவர் எங்க இருக்கு?”

“இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?”

தங்கையன் தொண்டையைச் செருமினார். “வெவரமுள்ள ஒரு ஆளு.”

“ஓ! தெனமும் காலையில தோட்டத்துல நின்னு ஒரு மணிக்கூர் ரப்பர் வெல கேக்கியளே, அப்பம் கதிர் வராதா?”

“வெல ஏறி இறங்குதுலா! அதுவும் நான் ஸ்பீக்கர்ல போட்டுல்லா பேசுதேன்.”

செல்லபாய்க்குப் பேச்சுத் துணைக்கு அந்தப் போனை விட்டால் வேறு நாதியில்லை. அதுவும் போனால் அம்மிக்கல்லோடுதான் பேச வேண்டும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு தேவகனி இருந்தாள். தங்கையனின் தம்பி டைட்டஸின் மனைவி. எல்லையில் சக்கை காய்த்து நின்ற பலா மரம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு முற்றி, நடுவே மதில் எழும்பியதோடு அந்தப் பேச்சு நின்றது. “இனி இந்த வீட்டுல இருந்து ஒரு வார்த்தை மதில் தாண்டிச்சுன்னா, நான் இங்க பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்” என்று தங்கையன் சத்தியம் செய்து நாலு வருஷம் ஆகிறது. சக்கை மரம் என்னவோ இரண்டு பக்கமும் காய்த்துக்கொண்டுதான் இருந்தது.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார் தங்கையன்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“பொம்பளைகளுக்க பேச்சு. உங்களுக்கு எதுக்கு?”

“எனக்கு உனக்க தல வேணும்ட்டி! நீ தல சுத்திக் கீழ விழுந்தா எனக்கு வேற யாரு இருக்கா?”

சொன்ன வேகத்தில் அவர் குரல் கரகரத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் அசந்த அந்த நேரத்தில் தங்கையன் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அமுக்கி, அரிசிப் பானை மூடியின்மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

“இப்பப் பேசு. மண்டைக்காடுல்லா, கடல் சத்தமும் கேக்கும்.”

போனில் கடலும் இல்லை, அக்காவும் இல்லை. செல்லபாய் ஆண்டவரைக் கூப்பிடத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, மதில்மேல் நின்ற அவர்கள் வீட்டுச் செங்கொண்டைச் சேவல் “கொக்கரக்கோ” என்றது.

போனும் “கொக்கரக்கோ” என்றது.

தங்கையன் ஜன்னலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சேவல் இன்னொரு தடவை கூவியது. போனும் விடவில்லை.

“மண்டைக்காட்டுல நம்ம சேவலுக்கு என்னட்டி வேல?”

இனி மறைத்துப் பயனில்லை. செல்லபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அது தேவகனியாக்கும். இந்தப் போன் வந்த நாள்ல இருந்து அவகிட்டத்தான் பேசுதேன். அண்ணனும் தம்பியும் மிண்டாம இருந்தா, நாங்களும் வாயத் தச்சுட்டு இருக்கணுமா? உங்க சத்தியத்துக்கு ஒரு கொறையும் வரல்ல. ஒரு வார்த்தைகூட மதில் தாண்டல்ல, எல்லாம் டவர் வழியாட்டுத்தான் போச்சு!”

தங்கையன் வேட்டியை மடித்துக் கட்டினார். முகம் சிவந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “நாலு வருஷமா அந்த வீட்டு நெழலக்கூட மிதிக்காம இருக்கேன், நீ என்னடான்னா...” என்று ஆரம்பித்தார்.

அதற்குள் போனில் டைட்டஸின் குரல் உற்சாகமாக முந்திக்கொண்டது.

“அண்ணே, நீங்களா? சொன்ன மாதிரியே மைனிய ஸ்பீக்கர்ல போட வச்சிட்டிய போல! இங்கயும் இவள இப்பத்தான் போட வச்சேன். பொறவு, காலையில நீங்க தோட்டத்துல இருந்து கூப்பிட்டப்ப ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, ராத்திரி தலமாட்டுலயும் போன வைக்கப்படாதாம்!”