குறட்டைக்குச் சொந்தக்காரர்

"போன ஒரு மாசத்துல உங்க தூக்கம் எவ்வளவு திருப்தியா இருந்துச்சு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கக்கா."

"சைபர் இல்லையா?"

"ஒண்ணுலேர்ந்துதான்."

"அப்ப ஒண்ணு போடு. அதுவும் நீ மூணு மாடி ஏறி வந்திருக்கியேன்னுதான்."

சர்வே பெண் ஒன்றைக் குறித்துக்கொண்டாள். பெரியவர்கள் தங்கள் தூக்கத்தில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று அளப்பது அவள் வேலை. காலையிலிருந்து பதினோரு வீடு. கொட்டாவியை அடக்கி அடக்கித் தாடை வலித்தது.

"காரணம் ஏதாவது?"

"காரணம்தானே? அதோ, சோபாவுல உக்காந்திருக்கு பாரு."

சோபாவில் இருந்த காரணம், யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் போட்டபடியே அசடு வழிந்தது. டவுன் பஸ் டிரைவர்.

"குறட்டைன்னா உங்க வீட்டு, எங்க வீட்டுக் குறட்டை இல்லம்மா. கட்டடமே ஆடும். அதான் எட்டு வருஷமா ஹாலுக்குத் தள்ளிட்டேன். பெட்ரூம் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

சர்வே பெண் சோபாவைக் கண்ணால் அளந்தாள். மனுஷர் படுத்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் அந்தரத்தில்தான்.

"உங்களுக்கு எத்தனை சார்?"

"பத்து."

"பாத்தியா! ஊரையே எழுப்பி விட்டுட்டு இவருக்குப் பத்து! வாய் கூசுதா பாரு!"

"தூங்கினப்புறம் எனக்கென்ன தெரியும்?" என்றார் டிரைவர், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

'சரியான ராட்சசி' என்று நினைத்துக்கொண்டாள் சர்வே பெண். படிவத்தில் அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

பையிலிருந்து இரண்டு குட்டி மெஷின்களை எடுத்தாள்.

"இது தூங்கும்போது வர்ற சத்தத்தைப் பதியும். ஹால்ல ஒண்ணு, பெட்ரூம்ல ஒண்ணு. ஒரே ஒரு ராத்திரி."

"அதெல்லாம் வேண்டாம்!" இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஏன்க்கா, சாரோட குறட்டை பதிஞ்சா உங்களுக்குத்தானே நல்லது?"

அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெச்சுத் தொலை."

பதிந்ததை மறுநாள் ஆபீஸில் போட்டுக் கேட்ட சர்வே பெண், சாயங்காலமே மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்துவிட்டாள். அக்கா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். டிரைவர் மட்டும் இருந்தார்.

"சார், ஹால் மெஷின்ல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்தைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. நீங்க குறட்டையே விடல. ஆனா பெட்ரூம் மெஷின்ல..."

பட்டனை அழுத்தினாள்.

லோடு ஏற்றிய லாரி ஒன்று முதல் கியரில் மேடு ஏறியது. பாதி மேட்டில் நின்றது. முனகியது. மறுபடி ஏறியது.

டிரைவர் பாய்ந்து வந்து மெஷினை இரண்டு கையாலும் பொத்தினார்.

"அணைம்மா, அணை! அவ வந்துடப் போறா!"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"பக்கத்துல படுத்தவனுக்குத் தெரியாதா?"

"அப்ப எட்டு வருஷமா அவங்க பழியை நீங்க சுமக்குறீங்களா?"

"பழியாவது ஒண்ணாவது. தன் குறட்டைன்னு தெரிஞ்சா அவ வெக்கத்துல விடிய விடிய உக்காந்தே கிடப்பா. என் பேர்லயே எழுதிக்கம்மா. பஸ்ல ஏறுறவங்க, டிரைவர் குறட்டை விடுவாரான்னு கேட்டுட்டா ஏறுறாங்க?"

கை நிறையத் துணியோடு அக்கா உள்ளே வந்தாள்.

"என்ன, இவர் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சா?"

சர்வே பெண் மெஷினைப் பைக்குள் தள்ளினாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்தில் முதல் பொய்.

"ஆமாக்கா. குறட்டை சாரோடதுதான்."

"நான் சொன்னேன்ல! மெஷினே சாட்சி சொல்லிடுச்சு." துணி மூட்டையை அப்படியே அவர் மடியில் போட்டாள். "மடிச்சு வைங்க. இன்னிக்கும் ஹால்தான்."

டிரைவர் மடிக்க ஆரம்பித்தார்.

சர்வே பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று வெளியே வந்தாள். அக்காவும் படிக்கட்டு வரை கூடவே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லாத்தான் பொய் சொல்றே. மெஷின்ல இருந்தது என் சத்தம்தானே?"

சர்வே பெண் இறங்கிய படியில் திரும்பவும் ஏறினாள்.

"அக்கா... உங்களுக்கும் தெரியுமா?"

"பொறந்த வீட்லயே எனக்குத் தனி ரூம் குடுத்தாங்க. செல்லத்துலன்னா நினைக்கிறே?"

"தெரிஞ்சுமா அவரைப் போய் இந்தத் திட்டு திட்டுறீங்க?"

"கல்யாணமான புதுசுல நானே கேட்டேன். 'நீயா? மூச்சு விடுற சத்தம்கூட இல்லையே'ன்னாரு. ராத்திரி பூரா விட்டத்தைப் பாத்துட்டுக் கிடந்துட்டு, விடிஞ்சதும் வண்டி எடுக்கப் போவாரு. ஒருநாள் கண் அசந்து பஸ்ஸைக் கொண்டுபோய் மரத்துல முட்டினாரு. நல்லவேளை, டிப்போவுக்குத் திரும்புற காலி வண்டி."

"அப்ப உண்மையைச் சொல்லியே ஹால்ல படுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா போற ஆளா அவரு? 'எனக்கொண்ணும் தொந்தரவில்ல'ன்னு பக்கத்துலயே கிடப்பாரு. திட்டித் துரத்தினாத்தான் போய்த் தூங்குறாரு. காலையில அவரை நம்பி அறுபது பேர் ஏறுறாங்கம்மா."