ஏழாவது கட்டம்

"கலை, வெறும் மண்ணுல என்னத்துக்கு இத்தன பொக்ஸ் போட்டு வச்சீக்கிறீங்க? அங்க ஒண்டுமே இல்லியே!"

நூரியா திரையை எட்டிப் பார்த்துக் கேட்டாள். கலைச்செல்வி மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இருக்கு மிஸ். உள்ளுக்கு இருக்கு."

மாவனல்லையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நூரியா நடத்துகிற அலுவலகம் அது. வெளிநாட்டுக் கம்பனிகள் அனுப்பும் படங்களிலும் வீடியோக்களிலும் கார், ஆள், நாய், மரம் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் வரைந்து, பெயர் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மெஷினுக்குக் கண் திறந்துவிடுகிற வேலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நூரியா பெருமையாகச் சொல்லுவாள். இன்றைய வீடியோவில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மீட்பு வேலைக்குப் போயிருக்கும் அவள் தம்பி அப்ஹம், காலையில் ட்ரோனில் பிடித்து அனுப்பியது. சனிக்கிழமை மண் சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தையே மூடிய மலை. கலைச்செல்வியின் குடும்பம் இருக்கும் தேயிலைத் தோட்டம்.

சனிக்கிழமை விடுமுறைதான். வேலை தேங்கிவிட்டதென்று நூரியா கூப்பிட்டதால் கலைச்செல்வி வந்திருந்தாள். பாதை உடைந்து பஸ் நின்றுபோனது. தோட்டத்துச் சனத்தையே மேலே ஏற விடவில்லை. மூன்று நாளாக அவள் நூரியாவின் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"மண் தோண்டுற பெக்கோ மெஷின இண்டைக்கு ஆறு மணிக்கு வேற எடத்துக்குக் கொண்டுபோறாங்களாம்," என்றாள் நூரியா. "அதுக்குப் பொறகு தோண்ட மாட்டாங்க. அந்த எடத்தயே மயானமா விட்டுடுவாங்களாம். எங்க தோண்ட எண்டு அப்ஹம் கேக்குறான். பிழையாக் காட்டினா அவ்வளவு நேரமும் வீண்."

"பிழையா காட்ட மாட்டேன் மிஸ். இந்தா, மண்ணுக்கு மேல நீலத் தகரம் தெரியுதில்ல? அது மொத காம்பரா. அங்கருந்து மூணாவது எங்களோடது."

லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளில் மற்றவர்களெல்லாம் வெள்ளிக்கிழமையே பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலைச்செல்வியின் அப்பாவுக்குக் கால் முறிந்திருந்தது. ஒரு நாளில் மழை விட்டுவிடும் என்று அந்த ஒரு குடும்பம் மட்டும் தங்கிவிட்டது.

"வீட்டுல எத்தன பேர்?" மூன்று நாளாகக் கேட்கத் துணிவில்லாத கேள்வியை நூரியா இப்போது கேட்டாள்.

"ஏழு பேரு."

நூரியா திரையில் இருந்த கட்டங்களை எண்ணத் தொடங்கினாள்.

"சாயந்தரம் நாலு மணிக்கு மண்ணு வந்துச்சாம். நாலு மணிக்கு எங்க வீட்டுல யார் யாரு எங்க இருப்பாங்கன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன் மிஸ். ஒரு காருக்குப் பின்னால இன்னொரு காரு மறைஞ்சிருந்தா, முழுசா தெரியுறதா நெனச்சு கோடு போடணும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

சொன்னவள் நூரியாதான். லொறிக்குப் பின்னால் நிற்கிற முச்சக்கர வண்டிக்காகச் சொன்னது.

கலைச்செல்வி புள்ளி புள்ளியாகக் குத்தித் தன் காம்பராவைச் சுற்றி வளைத்திருந்தாள். அதற்குள் ஏழு சிவப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது முன்பக்கத்து இஸ்தோப்பு. அப்பாவோட கட்டில் இங்கதான் கெடக்கும். இது அடுப்படி. அம்மாவும் சித்தியும் பிளேன்டி ஊத்திக்கிட்டு இருப்பாங்க. சித்தப்பா வாசப்படியில உக்காந்து மழையத் திட்டிக்கிட்டு இருப்பாரு. தம்பியும் தங்கச்சியும் உள்ளுக்கு, ஒரே போர்வையில."

"இது?" மூலையில் தனியாக ஒரு கட்டம் இருந்தது.

"ஜன்னல் மிஸ். அங்க மட்டுந்தான் சிக்னல் கெடைக்கும். நாலு மணியானா பெரிய புள்ள போனத் தூக்கிக்கிட்டு அங்க போயி குந்திக்கும். அம்மா அங்கயே பிளேன்டிய கொண்டாந்து குடுக்கும்."

சித்தப்பாவின் மகளாக இருக்கும் என்று நூரியா நினைத்துக்கொண்டாள். மேலே ஒன்றும் கேட்க மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாததை வரைந்த படத்தை வாழ்க்கையில் முதல்தடவையாக அனுப்பினாள்.

இரண்டு மணிக்கு அப்ஹம் அழைத்தான்.

"ராத்தா, கட்டில் எண்டு காட்டின எடத்துலயே அந்தப் புள்ளட வாப்பா. உசிர் இல்ல."

நூரியா சொன்னதும் கலைச்செல்வி தலையசைத்தாள். இஸ்தோப்பில் இருந்த கட்டத்தின் நிறத்தைச் சிவப்பிலிருந்து பச்சையாக்கினாள். சரிபார்த்து முடிந்ததைப் பச்சையாக்குவது அங்கே வழக்கம்.

அடுப்படியில் இரண்டு பேர். வாசற்படியில் ஒருவர். ஐந்து மணிக்குச் சின்னவர்கள் இரண்டு பேரும், அவள் சொன்னதுபோலவே ஒரே போர்வைக்குள். யாருக்கும் உயிர் இல்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் நூரியா அழுதாள். கலைச்செல்வி நிறத்தை மாற்றினாள்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசி அழைப்பு வந்தது.

"ராத்தா, ஏழாவது ஆள் கெடைக்கல்ல. ஜன்னல் பக்கம் மூணு தரம் தோண்டியாச்சி. ஒரு போன் சார்ஜர் மட்டுந்தான் கெடச்சிச்சு. பெக்கோ இப்ப எறங்கப் போகுது. காணாமப் போன ஆக்கள்ட லிஸ்ட்ல எழுதணுமாம், பேரக் கேட்டுச் சொல்லுங்க."

நூரியா போனைக் கையால் பொத்திக்கொண்டு கலைச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய முதுகை மெல்லத் தடவினாள்.

"மகள், அந்த ஜன்னல்ல இருந்த புள்ளட பேர் என்ன?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கட்டம் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.

"கலைச்செல்வி," என்றாள்.