பார்லி வயலின் நிலவறை

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில், ஹேரால்ட் ஃப்ளெட்டின் பார்லி வயலுக்கு அடியில் ஆதிமனிதர்கள் கல்லடுக்கிக் கட்டிய நிலவறை ஒன்று இருந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பயிரை மிதிக்கிறார்கள் என்ற எரிச்சலில், ஒரு காலை உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அதன் வாசலைப் பெரிய கல்லால் அடைத்துவிட்டார்.

மாலையில் பக்கத்துப் பண்ணை மெரன் வந்தாள்.

"ஹேரால்ட், எங்க பெஸ்ஸைப் பாத்தியா? காலையில உன் வயல் பக்கம்தான் ஓடிச்சு."

"பாக்கலையே," என்றார்.

ஊரே அந்தக் கிழட்டு நாயைத் தேடியது. அது நிலவறைக்குள் மாட்டியிருக்குமோ என்று தோன்றியும், எல்லார் கண்முன்னும் போய்க் கல்லைப் புரட்ட அவருக்குக் கூசியது. அவரும் சேர்ந்து தேடினார்.

சில நாளில் தேடல் ஓய்ந்ததும் நிலவறையைத் திறந்தார். வாசலை ஒட்டியே பெஸ் செத்துக் கிடந்தது. அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிட மெரன் வீட்டுக்குப் போனார்.

மெரன் கதவைத் திறந்ததும் பெஸ் ஓடிவந்து அவர் காலைச் சுற்றியது.

"இப்பத்தான் தானா வந்து நிக்கிறா கழுதை! உன்னையும் வீணா அலைய வெச்சுட்டா. உக்காரு, டீ போடுறேன்."

அவர் கைகளை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பெஸ் அங்கே நுழைந்து, விரல்களில் ஒட்டியிருந்த ஈரமண்ணை ஒவ்வொரு விரலாக நக்கித் துடைத்தது.