கைப்பிடி அரிசி

உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஞானப்பூ முதலில் ஒரு கைப்பிடி அள்ளிக் கோயில் காணிக்கைக்கென்று தகர டப்பாவில் போட்டுவிடுவாள். அன்று காலை அப்படிப் போட்டபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது: இதை ஜெபசெல்விக்குக் கொண்டுபோய்க் கொடு. கை அப்படியே நின்றுவிட்டது. ஜெபசெல்வி அடுத்த வீட்டு ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் முகம் பார்த்த பேச்சில்லை.

"இயேசப்பாதான் சொன்னாரு," என்றாள் கணவனிடம்.

தேவஇரக்கம் சிரித்தார். "எங்கிட்டயும் சொன்னாரு, காப்பிய முதல்ல போடச் சொல்லுன்னு. ஏளா, தனக்கு எடுத்து வச்சத ஆண்டவரே இன்னொருத்திக்குக் குடுக்கச் சொல்லுவாரா? அது உன் மனசு பேசுது."

அதுதானே அவளுக்கும் பயம், பாவம். அது அவர் சத்தம் இல்லை என்றால் காணிக்கையைத் திருடினவள் ஆவாள். அது அவர் சத்தமாகவே இருந்து, போகாமல் இருந்துவிட்டால்? டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுபோய் ஓரகத்தி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. நெடுநேரம் கழித்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஜெபசெல்வியின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. காலடியில் அவள் வீட்டுக் காணிக்கை டப்பாவின் மூடி கிடந்தது.

"கோயில்ல சொல்லிராதிய யக்கா," என்றாள் ஜெபசெல்வி. "பிள்ளைகளுக்கு வேற அரிசி இல்ல."

முந்தானைக்குள் டப்பா கனத்தது. இனி என்ன செய்ய என்று ஞானப்பூ காது கொடுத்துக் காத்திருந்தாள். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.