மிச்சம் வைக்கிற மாப்பிள்ளை

முதல் கிளாஸை அப்பா ஒரே மடக்கில் காலி செய்துவிட்டார்.

அது கோதுமை பீர். முதலில் முகர்ந்து பாருங்க, அப்புறம் நாக்கில் கொஞ்சம் நிறுத்துங்க என்று மிதுன் சொல்லி முடிப்பதற்குள் கிளாஸ் டீப்பாய்க்குத் திரும்பிவிட்டது. பூவன்பழ வாசம் வந்ததா என்று கேட்டார். போகிற போக்கில் வந்தது என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறியிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு ஹால். போன வாரம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மிதுன், தெர்மாகோல் பெட்டியிலிருந்து பீர் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். கேசரியும் பஜ்ஜியும் வைக்க வேண்டிய இடம் அது. அம்மா வேகவைத்த நிலக்கடலையைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாம் அப்பா இழுத்துவிட்டது. மிதுனுக்கு பெங்களூரில் பீர் தயாரிக்கிற இடத்தில் வேலை. புரோக்கர் அதை ஃபுட் கம்பெனி என்று மழுப்பியிருந்தார். மிதுனே உண்மையைப் போட்டு உடைத்தார். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிக்க, அப்பா மட்டும் அந்த வேலையைக் கொண்டுவந்து காட்டுங்க என்று சொல்லிவிட்டார். எதற்காகச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாதா?

நான் இதற்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கிளாஸில் மிச்சம் வைக்கத் தெரிந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று முடிவு செய்திருந்தேன். குடிக்கவே மாட்டேன் என்பவர்களை நம்புவதாக இல்லை. மாப்பிள்ளையாக வந்தபோது அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். குடிக்கிறவன் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறானா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"அப்படி ஒரு ஆம்பளை இருப்பானா அம்மணி?" என்றார் அம்மா.

அவர் பார்த்த ஆம்பளை அப்பா ஒருவர்தான். பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை பொறுமையாகப் பிடித்திருப்பார். அவிநாசியில் ஒரு கல்யாணத்தில், மற்றவர்கள் வைத்துவிட்டுப் போன கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குடித்தார். எனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும். பொழுது சாய்ந்த பிறகு பிடிக்காது.

மிதுனின் கிளாஸ்கள் தெர்மாகோல் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது. எல்லாம் முடிந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இரண்டாவது பில்ஸ்னர் என்கிற லேசான பீர். அப்பாவுக்கு அது சோடா. மூன்றாவது புளிப்பு பீர். வேண்டுமென்றே புளிக்க விடுவோம் என்று மிதுன் விளக்கினார். தோசை மாவை வெளியில் மறந்து வைத்தால் எங்கள் வீட்டிலும் இப்படி ஆகும் என்றார் அப்பா. மிதுன் சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அதேதான் என்றார். நான்காவது ஐபிஏ. நிலவேம்புக் கஷாயம்போல் கசந்ததாம். அதை மட்டும் அப்பா மெதுவாகக் குடித்தார். கசப்பினால் என்று நினைத்தேன்.

கடைசியாக ஸ்டௌட். கறுப்பு. வறுத்த பார்லியின் வாசம் எனக்கே வந்தது.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். இதுதான் சரக்கு என்றார். இன்னொரு வாய். இன்னும் ஒன்று. பிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

அவருக்குப் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மிதுன் பாட்டிலை எடுத்து நிரப்பப் போனார். அப்பா கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"எனக்குப் போதுமுங்க மாப்ளே."

சோற்றுக்கு அப்படிச் சொல்வார். குழம்புக்குச் சொல்வார். இதற்குச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கை கிளாஸின் மேலேயே இருந்தது. கையை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தார். ஒரு கடலையை உரித்தார். தின்னவில்லை. அடுத்ததை உரித்தார்.

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடலைத் தோல் குவிந்துகொண்டே போனது. கிளாஸில் பாதி அப்படியே இருந்தது. அப்பா திடீரென்று எழுந்தார். பட்டறையில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ஈ காக்கை இருக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா வந்து அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்தார். மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

அம்மாவுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"பையன் மிச்சம் வெச்சாரா கண்ணு?"

ஹாலுக்கு ஓடினேன். மிதுன் கை கழுவும் பேசின் பக்கம் நின்று, தன்னுடைய கிளாஸ்களைக் கழுவித் துண்டின்மேல் கவிழ்த்திருந்தார். காய்ந்தால் வாசம் ஒட்டிக்கொள்ளும், அதனால் உடனே கழுவிவிடுவது பழக்கம் என்றார்.

தையில் கல்யாணம். அவர் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது.