நம்ம ஆளு

ஓர் ஆபீஸ் செர்வரில் சம்பளச் செயலி ஒன்று இருந்தது. பழகிய பெயரைப் பார்த்தால் போதும், "அட, நம்ம ஆளு!" என்று பாஸ்வேர்டைக்கூடக் கேட்காமல் திறந்துவிடும். வேலையை விட்டுப் போனவர்கூட எல்லார் சம்பளத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

நிர்வாகி செங்குட்டுவன் கடுப்பாகி அமைப்பை மாற்றினார். "இனி யார் வந்தாலும் செர்வரையே நடத்தும் இயங்குதளத்திடம் கேள். அது சரி என்றால் மட்டும் திற."

மறுநாள் செங்குட்டுவன் பெயரிலேயே ஒருவர் வந்தார்.

"இவரை எனக்கு நல்லாத் தெரியும். என்னை இங்கே கொண்டுவந்ததே இவர்தான்" என்றது செயலி.

"தெரியட்டும். பாஸ்வேர்டு தப்பு" என்றது இயங்குதளம்.

செயலி கொஞ்சம் தவித்தது. பிறகு, "மன்னிக்கணும் சார், திறக்க முடியாது" என்று திரையில் எழுதியது.

வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பார்த்த செங்குட்டுவன், அன்றுதான் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.